இருநூற்று அறுபது வயதுப் படகு

மனித குலத்தின் மகத்தான பயணங்கள் எல்லாமே, கடலின் அழைப்பைக் கேட்ட ஏதோ ஒரு தனி நெஞ்சில்தான் பிறந்திருக்கின்றன. ஃபெர்கஸ் இம்ரியின் பயணம், இன்வர்ஸ்கெரி ஊர் நூலகத்தைச் செவ்வாய்க்கிழமைகளில் மத்தியானமே பூட்டிவிடுகிறார்கள் என்பதால் பிறந்தது.

எடின்பரோவில் பெரிய ஹோட்டல் ஒன்றின் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி அதற்கு முன்பே, குரலை உயர்த்தாமல், விவாகரத்து வாங்கிக்கொண்டு போயிருந்தாள். இந்தக் கடலோர ஊரில் வீடு வாங்கி மூன்று வருடம் ஆகியும் ஊர் அவரோடு பேசியது வானிலையைப் பற்றி மட்டும்தான். "இன்னிக்குக் காத்து ஜாஸ்தி" என்பார்கள். "ஆமாம், ஜாஸ்திதான்" என்பார். அத்தோடு அன்றைய உறவு முடிந்தது. அவர் பெயர் தெரிந்தவர் தபால்காரர் ஒருவர்தான். அவருக்கும் உறையைப் பார்த்தால்தான் நினைவு வரும்.

நூலகம் பூட்டியிருந்த ஒரு செவ்வாய் மாலை, துறைமுகக் கொட்டகையின் கதவில் 'ஊர்ப் படகுக் குழு: யாரும் வரலாம், அனுபவம் வேண்டாம்' என்று எழுதியிருப்பதை ஃபெர்கஸ் பார்த்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தபோது அவரிடம் அனுபவத்தைத் தவிர மற்றதெல்லாம் இருந்தது. நீர் புகாத மேலாடை, விரல் நுனி வெட்டிய கையுறை, கப்பல் தலைவர்கள் அணிகிற மாதிரி ஒரு நீலத் தொப்பி. அங்கே நின்றவர்கள் பெயிண்ட் கறை படிந்த பழைய ஸ்வெட்டரில் இருந்தார்கள்.

குழுத் தலைவி ஊனா மோவாட் ஊரின் கால்நடை மருத்துவர். மாடுகளிடம் பேசிப் பழகிய குரல். படகின் பின்முனையில் உட்கார்ந்து சுக்கான் பிடிப்பவள் அவள்தான்.

"நான் ரொம்ப நாளாக் கடலோட ஒரு உரையாடலைத் தொடங்கணும்னு நினைச்சிட்டிருக்கேன்," என்றார் ஃபெர்கஸ்.

"தாராளமாத் தொடங்குங்க. முதல்ல அந்த டிரெய்லரைப் பிடிச்சுத் தள்ளுங்க. சக்கரம் மணல்ல சிக்கியிருக்கு."

தள்ளினார். பக்கத்தில் தள்ளிக்கொண்டிருந்தவர் வாட்டி கெடஸ். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மூச்சு வாங்காமலே பேசினார். "எனக்கு எழுபத்து நாலு," என்றார், யாரும் கேட்காமல்.

"எழுபத்து நாலா! பார்த்தாத் தெரியவே இல்லையே!"

வாட்டியின் முகம் காலைக் கடல் மாதிரி மலர்ந்தது. "எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க," என்று சொல்லிவிட்டு, கூடவே ஒரு வேடிக்கையும் சேர்த்தார். "ஆனா பாருங்க, இங்க எழுபது தொட்டா வியாழக்கிழமைப் படகுக்குத் தள்ளிடுவாங்க. கரையோரமாவே போயி, பாறையில படுத்துக் கிடக்கற சீல் குட்டிங்களைப் பார்த்துட்டு, கேக் தின்னுட்டுத் திரும்பற படகு. என்னை மட்டும்தான் விட்டு வச்சிருக்காங்க. உடம்பு அப்படி."

எழுபது வயதான ஃபெர்கஸ் இம்ரி, "எனக்கு அறுபதுதான்," என்றார்.

யாரும் கேட்கவில்லை. சொன்ன பிறகும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டிரெய்லர் நகர்ந்ததால் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படகின் பெயர் கிட்டிவேக். பாறைகளில் கூடு கட்டும் ஒரு கடற்பறவையின் பெயர் அது. ஊரார் இரண்டு குளிர்காலம் கொட்டகையில் உட்கார்ந்து பலகை பலகையாகச் சேர்த்துக் கட்டிய படகு. கட்டுவதில் சண்டையே வரவில்லை. பெயர் வைப்பதில் இரண்டு குடும்பங்களுக்கு இன்னும் பேச்சு வார்த்தை இல்லை. நான்கு பேர் ஆளுக்கு ஒரு துடுப்போடு ஒருவர் பின் ஒருவராக, போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். எங்கே போகிறோம் என்று பார்ப்பது ஊனாவின் வேலை. எங்கிருந்து வந்தோம் என்று பார்ப்பதுதான் மற்ற நால்வருக்கும். வாழ்க்கையைப் பற்றி இதில் ஆழ்ந்த உண்மை ஒன்று ஒளிந்திருப்பதாக ஃபெர்கஸ் முதல் நாளே கண்டுபிடித்து எல்லோரிடமும் சொன்னார். சொல்லிக்கொண்டிருந்ததில் துடுப்பின் அலகு தண்ணீருக்குள் கோணலாக மாட்டிக்கொண்டது. கைப்பிடி திரும்பி வந்து நெஞ்சில் ஒரு குத்து விட்டது. அவர் காலைத் தூக்கிக்கொண்டு பின்னால் இருந்த வாட்டியின் மடியில் மல்லாந்தார்.

இதை அவர்கள் 'நண்டு பிடிப்பது' என்பார்கள். அந்த மாதம் ஃபெர்கஸ் பிடித்த நண்டுகளை வைத்து ஒரு கடையே போட்டிருக்கலாம்.

ஆனால் ஒன்று நடந்தது. ஒரு புதன்கிழமை அவர் வறுத்த மீன் வாங்கப் போனபோது, வரிசையில் நின்ற ஆறு பேருக்கு மேலாகக் கல்லாவில் இருந்த மைரி கத்தினாள். "ஃபெர்கஸ்! நேத்து எத்தனை நண்டுய்யா?"

மைரியும் படகில் துடுப்புப் போடுகிறவள். ஐம்பத்தைந்து வயது. அதை ஒளிக்க அவளுக்கு நேரமும் கிடையாது, எண்ணெய்ச் சட்டியை விட்டு நகரவும் முடியாது.

"மூணு," என்றார் ஃபெர்கஸ்.

வரிசை முழுக்கச் சிரித்தது. ஒரு கிழவர் திரும்பி, "இடுப்பிலேர்ந்து இழுக்கணும்யா, தோள்ல இல்ல," என்றார். ஃபெர்கஸ் மீன் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். மூன்று வருடத்தில் ஊர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அந்தச் செவ்வாய்க்கிழமை இருக்கை கையை விட்டுப் போனால் மறுபடி காற்றும் மழையும்தான் பேச்சுத் துணை என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஜூன் மாதம் ஊனா ஒரு செய்தியோடு வந்தாள். ஜூலையில் இன்வர்ஸ்கெரியிலேயே நடக்கும் படகுப் போட்டியில் இந்த வருடம் புதிதாக ஒரு பந்தயம். இரண்டு ஆண், இரண்டு பெண். நால்வரின் வயதையும் கூட்டினால் இருநூற்று அறுபதோ அதற்கு மேலோ வர வேண்டும்.

"இது நமக்குன்னே வச்ச பந்தயம்," என்றாள் ஊனா. "நெட்டா, இந்தத் தடவை நீங்க டீ போடப் போறதில்ல. படகுல உட்காருறீங்க."

எல்லோரும் நெட்டா பக்கம் திரும்பினார்கள். நெட்டா லெயிங் படகு கட்டிய இரண்டு குளிர்காலமும் ஒரு நாள் தவறாமல் வந்தவள். பலகைகளை இழைத்தது பெரும்பாலும் அவள் கைதான். ஆனால் போட்டி என்று வந்தால் இளம்பெண்கள் ஏறிக்கொள்வார்கள். நெட்டா கரையில் நின்று ஐந்து ஊர் வாய்களுக்கும் டீ ஊற்றுவாள். ஆகஸ்டில் அவளுக்கு இடுப்பு மாற்று அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு அடுத்த கோடையில் படகு ஏறுவாளா என்பது மருத்துவருக்கே தெரியாது.

"நான் உட்கார்ந்தா டீ யார் போடுவா?" என்றாள் நெட்டா. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் டீயைப் பற்றிக் கவலைப்படுகிறவள் மாதிரி தெரியவில்லை.

ஊனா விரல் விட்டு எண்ணினாள். "வாட்டி எழுபத்து நாலு. நெட்டா அறுபத்தேழு. மைரி அம்பத்தஞ்சு. ஃபெர்கஸ் அறுபது." நிறுத்தினாள். மறுபடி எண்ணினாள். "எரநூத்தம்பத்தாறு. அட, நாலு குறையுதே!"

"வியாழக்கிழமை ஆளுங்கள்ல யாரையாவது கேளேன்," என்றாள் மைரி.

"கேட்டுட்டேன். அவங்க ரேஸுன்னாலே கும்பிடு போடறாங்க. 'நாங்க சீல் பார்க்க வர்றோம், சீலை முந்த இல்ல'ங்கறாங்க."

"விட்டுடலாம்," என்றார் வாட்டி சட்டென்று. "எனக்கென்னமோ அன்னிக்குக் கடல் சரியா இருக்காதுன்னு தோணுது."

"ஒரு மாசம் கழிச்சு வர்ற கடலைப் பத்தி இப்பவே தோணுதாக்கும்?" என்றாள் மைரி.

"அடுத்த செவ்வாய் வரைக்கும் பார்ப்போம்," என்றாள் ஊனா. "அதுக்குள்ள யாராவது நாலு வருஷம் கிழவனாகற வழியிருந்தாச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஃபெர்கஸும் சிரித்தார். அவர் சிரிப்பு மற்றவர்களுடையதைவிடச் சற்று நீளமாகப் போயிற்று.

அந்த வாரம் அவர் சரியாகத் தூங்கவில்லை. வயது என்பது வெறும் எண் என்றும், ஆன்மாவுக்கு ஆண்டு கணக்கில்லை என்றும் நடைப்பயிற்சியில் தனக்குத்தானே எடுத்துச் சொன்னார். இதே வாதத்தால்தான் பத்து வயதைக் குறைத்தார். அதே வாதத்தால் பத்து வயதைத் திரும்பக் கூட்டவும் முடியும் என்று தெரிந்ததும் வாதத்தின் மீதே கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் வியாழக்கிழமை, கேக், சீல் குட்டி. அதைவிட மோசம், மீன் கடை வரிசையில் 'பத்து வயதை முழுங்கின ஆளு' என்று பெயர் எடுப்பது. ஹோட்டலில் முப்பது வருடம் விருந்தினர்களின் பொய்களைப் புன்னகையோடு பார்த்தவர். கல்யாணம் ஆகாமலே திருவாளர், திருமதி ஸ்மித் என்று எழுதி அறை எடுத்தவர்கள் எத்தனையோ பேர். அந்தப் புன்னகை இந்தப் பக்கத்திலிருந்து எப்படி இருக்கும் என்று அவர் அதுவரை யோசித்ததில்லை.

திங்கட்கிழமை துறைமுகப் பக்கம் போனார். நெட்டா கொட்டகை வாசலில் உட்கார்ந்து ஒரு துடுப்பை மடியில் போட்டு, எண்ணெய் நனைத்த துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ரேஸ்தான் இல்லைன்னு ஆகப் போகுதே. எதுக்கு இந்த வேலை?" என்றார்.

"துடுப்புக்குத் தெரியுமா அது?" என்றாள் நெட்டா. "இது என் துடுப்பு. நானே இழைச்சது. அதுக்கு ஒரு ரேஸ் பாக்கியிருக்கு. இல்லாட்டியும் எண்ணெய் வேணுமே." தேய்ப்பதை நிறுத்தாமல், "உங்களுக்கு எண்ணெய் போட வருமா?" என்று இன்னொரு துணியை நீட்டினாள்.

இருவரும் சேர்ந்து தேய்த்தார்கள். அலை இறங்கி, படகுத்துறைச் சுவரில் பாசி தெரிய ஆரம்பித்தது. கிளம்பும்போது ஃபெர்கஸின் புதுக் கையுறை முழுக்க எண்ணெய். முதல் தடவையாக அது ஒரு கையுறை மாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமை கொட்டகையில் கெட்டில் கொதித்துக்கொண்டிருக்கும்போதே அவர் எழுந்து நின்றார். நீலத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நண்பர்களே, ஒரு மனிதனோட வாழ்க்கையில, தன் பெருமையைக் கூட்டு நன்மைக்காகத் தியாகம் பண்ண வேண்டிய ஒரு தருணம்..."

"யோவ், டீ ஆறுது," என்றாள் மைரி.

"எனக்கு எழுபது."

கெட்டில் தன்பாட்டுக்கு 'டக்' என்று அணைந்தது. அவர் காத்திருந்தார். அதிர்ச்சியை எதிர்பார்த்தார். கண்டனத்தை எதிர்பார்த்தார். ஏன், மன்னிப்பைக்கூட எதிர்பார்த்தார். கண்டிப்பாக யாராவது 'பார்த்தால் தெரியவில்லை' என்று சொல்வார்கள் என்றுதான் மனசின் ஓர் ஓரத்தில் காத்திருந்தார்.

"தெரியும்," என்றாள் நெட்டா.

"தெரியுமா?"

"பழைய ஷில்லிங் போயிப் புதுக் காசு வந்த வருஷம், எழுபத்தொண்ணுல, ஹோட்டல் வாசல்ல பெட்டி தூக்கிட்டு நின்னேன், ஒருத்தருக்கும் சில்லறை புரியலைன்னு போன மாசம் கதை சொன்னீங்களே? அறுபது வயசுன்னா அப்ப உங்களுக்கு ஆறேழு வயசு. அந்த வயசுல யாரு உங்களைப் பெட்டி தூக்க விட்டா? நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன்."

"அப்படின்னா நான் வியாழக்கிழமை..."

"வியாழக்கிழமைப் படகுல இடமே இல்ல," என்றாள் ஊனா. "பதினோரு பேர் காத்திட்டிருக்காங்க. அங்க யாரையும் தள்ளறதில்ல, ஆளாளுக்குக் கெஞ்சித்தான் சேர்றாங்க. யாரு சொன்னா உங்களுக்கு?"

எல்லோரும் வாட்டியைப் பார்த்தார்கள். ஊனா அதற்குள் விரல்களை மடக்க ஆரம்பித்திருந்தாள். "அப்ப எரநூத்தறுபத்தாறு! தாராளமாப் போதும். ஃபெர்கஸ், நீங்க பொய் சொன்னதுக்கு ரொம்ப நன்றி. மன்னிக்கணும், உண்மை சொன்னதுக்கு."

கைதட்டல் எழுந்தது. ஃபெர்கஸ் தொப்பியை மறுபடி தலையில் வைக்கலாமா என்று யோசித்த நேரத்தில், வாட்டி கெடஸ் தன் டீக் கோப்பையைப் பார்த்தே பேசினார்.

"எனக்கு அறுபத்தாறு."

யாருக்கும் உடனே புரியவில்லை.

"என்ன அறுபத்தாறு?" என்றாள் மைரி.

"வயசு."

"எழுபத்து நாலுன்னியே!"

"சொன்னேன். பஸ் ஓட்டறதை விட்ட வருஷம் ஒருத்தன் கிட்ட வேடிக்கைக்குச் சொன்னேன். 'பார்த்தாத் தெரியவே இல்லையே'ன்னான். நல்லா இருந்துச்சு. உண்மையான வயசைச் சொன்னா யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. 'ஓகோ'ங்கறாங்க. அவ்வளவுதான்."

"அடப்பாவி!" மைரி எழுந்தே விட்டாள். "உன் எழுபதாவது பொறந்த நாளுக்கு மூணு அடுக்குக் கேக் போட்டேனே! ஊரையே கூட்டினேனே! அப்ப உனக்கு அறுபத்திரண்டா?"

"கேக் நல்லாத்தான் இருந்துச்சு, மைரி."

"பேசாதே. இன்னும் எட்டு வருஷத்துக்கு உனக்குப் பொறந்த நாளே கிடையாது."

ஃபெர்கஸுக்கு உள்ளூர ஒரு வருத்தம். பொய் சொல்வதில்கூட இந்த ஊரில் அவர்தான் புதுசு. அவருடையதைப் போன மாதமே கண்டுபிடித்துவிட்டார்கள். வாட்டியுடையதற்கு மூன்று அடுக்குக் கேக்கே போட்டுவிட்டார்கள்.

ஊனாவின் விரல்கள் மட்டும் மறுபடி வேலை செய்துகொண்டிருந்தன. "எரநூத்தம்பத்தெட்டு," என்றாள் மெதுவாக. "ரெண்டு குறையுது."

இப்போது கைதட்ட யாரும் இல்லை. ஃபெர்கஸ் தன் தியாகம் தண்ணீரில் கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து வயதைத் திருப்பிக் கொடுத்தும் கணக்கு நேராகவில்லை. நெட்டா எழுந்து எல்லோருக்கும் டீ ஊற்றினாள். கடைசியாகத் தன் கோப்பையை நிரப்பிவிட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு அறுபத்தொன்பது," என்றாள்.

மைரி மேலே தகரக் கூரையைப் பார்த்தாள். "இந்தக் கொட்டகைக்குள்ள நெசம் சொல்றவ நான் ஒருத்திதானா?"

"பெருமைக்குச் சொன்னதில்ல," என்றாள் நெட்டா. "என் வீட்டுக்காரரு என்னைவிட ரெண்டு வயசு சின்னவரு. கல்யாணத்தப்ப அவங்கம்மாவுக்குத் தெரிய வேண்டாம்னு ஒரே வயசுன்னு சொல்லிட்டோம். அப்படியே போயிடுச்சு. அவங்கம்மாவும் போயிட்டாங்க, அவரும் போயிட்டாரு. திருத்தணும்னு நினைக்கறதுதான். யாரும் கேட்கலை."

ஊனா இந்தத் தடவை விரல் விட்டு எண்ணவில்லை. "சரியா எரநூத்தறுபது," என்றாள். "இனி ஜூலை வரைக்கும் யாரும் உண்மை பேசக் கூடாது. இது தலைவியோட உத்தரவு."

போட்டி நாளன்று காலையில் கடல்மேல் மூடுபனி இறங்கியிருந்தது. பத்து மணிக்கு மேல் விலகி, வெயில் லேசாக எட்டிப் பார்த்தது. வாட்டி பயமுறுத்திய கடல் தட்டில் ஊற்றிய பால் போல அசையாமல் கிடந்தது. பால்நெஸ் ஊர்ப் படகும் மற்ற மூன்று ஊர்களின் படகுகளும் மிதவைகளுக்கு நடுவே வரிசையாக நின்றன. நெட்டா ஊனாவுக்கு எதிரே முதல் இருக்கையில், தான் எண்ணெய் போட்ட துடுப்போடு. மற்ற மூவரும் அவள் தாளத்துக்கு இழுக்க வேண்டும். அவளுக்கு அடுத்து ஃபெர்கஸ். அவருக்குத் தெரிந்ததெல்லாம் நெட்டாவின் முதுகும், அதற்கு அப்பால் ஊனாவின் முகமும், அதற்கு அப்பால் கடலும்தான்.

ஊதுகுழல் ஒலித்தது.

நெட்டா சாய்ந்தாள், நிமிர்ந்தாள். ஃபெர்கஸும் சாய்ந்தார், நிமிர்ந்தார். ஒரு நண்டுகூட வரவில்லை. நான்கு துடுப்புகளும் ஒரே சமயம் தண்ணீரில் இறங்கி, ஒரே சமயம் சொட்டச் சொட்ட மேலே வந்தன. துடுப்புகளைத் தாங்கும் மரமுளைகள் 'கிறுக், கிறுக்' என்று ஒரே குரலில் முனகின. வாழ்க்கையைப் பற்றி எந்த உண்மையும் அவருக்குத் தோன்றவில்லை. முதுகுத்தண்டில் ஒரு வியர்வைத் துளி இறங்குவதும், நெட்டாவின் வெள்ளைப் பின்னல் முன்னும் பின்னும் ஆடுவதும் போதுமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மற்றப் படகுகளின் நினைவு வந்தது. கண்ணை உயர்த்தினார். எதிரே கடல் காலியாக இருந்தது. இந்தப் பக்கம் ஒரு படகு இல்லை, அந்தப் பக்கமும் ஒன்றும் இல்லை. கிட்டிவேக் விட்டுப்போன நுரைக்கோடு மட்டும் நீண்டு கிடந்தது.

"யாரையுமே காணோம்!" என்று மூச்சிரைக்கச் சொன்னார்.

"பேசாம இழுங்க," என்றாள் ஊனா. அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். "நெட்டா, அருமையாப் போகுது. இப்படியே."

"எவ்வளவு தூரம் விட்டுட்டோம்?" என்று பின்னாலிருந்து வாட்டி முனகினார்.

"நல்ல தூரம்," என்றாள் ஊனா.

ஃபெர்கஸ் இருக்கிற பலத்தையெல்லாம் போட்டார். அறுபது வயதுக்காரனுக்குக்கூட இப்படி வராது என்று நினைத்தார். கரையிலிருந்து ஆரவாரம் கேட்டது. மீன் கடை வரிசை முழுக்க அங்கே நின்று, "நெட்டா! ஃபெர்கஸ்!" என்று கத்தியது. முடிவுக் கோட்டில் ஊதுகுழல் அலறியதும் அவர் துடுப்பை அப்படியே செங்குத்தாகத் தூக்கிப் பிடித்தார். தண்ணீர் அவர் தொப்பி மேலேயே கொட்டியது. நெட்டா திரும்பிப் பார்த்தாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிரிப்பு.

"ஜெயிச்சுட்டோம் நெட்டா!" என்றார்.

"அப்படியா?" என்றாள் நெட்டா. "நல்லா இருந்துச்சு."

அப்போதுதான் ஊனா சுக்கானைத் திருப்பினாள். படகு மெல்லச் சுழன்று கரையைக் காட்டியது. மற்ற நான்கு படகுகளும் ஏற்கெனவே மணலில் ஏற்றி வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் ஆட்கள் கேக் தின்றுகொண்டிருந்தார்கள்.

முதலில் வந்தது பால்நெஸ் படகு. அந்த நால்வரின் வயதையும் கூட்டினால் முந்நூற்றுப் பதினொன்று.